பழைய கருப்பட்டிக்குக் கூடுதல் விலை: வயதுக்கா, தரத்துக்கா?

உடன்குடி, குலசேகரன்பட்டினம் பக்கம் கருப்பட்டி வாங்கப் போகிறவர்களில் பலர் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, "புதுசா, பழசா?" என்பதுதான். பழசு என்றால் மருந்துக்கு ஆகும், காப்பிக்கு மணம் கூடும், வயிற்றுக்குச் சூடு தராது என்பது நம்பிக்கை. ஓராண்டு இருப்பில் கிடந்த வெல்லம் புதிய வெல்லத்தைவிட மேலானது என்று ஆயுர்வேத நூல்களும் சொல்கின்றன. அதனால் பழைய சரக்கு என்று சொன்னால் வாங்குகிறவர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கத் தயங்குவதில்லை.

ஆனால் பழைய கருப்பட்டி பனையேறியின் வீட்டில் இருப்பது அபூர்வம். பங்குனி தொடங்கி ஆடி வரை பதநீர் இறங்கும் காலத்தில் காய்ச்சியது காய்ச்சியபடி விற்றுப் போகிறது. விறகுக் கூலி, வீட்டுச் செலவு, முன்பணமாக வாங்கிய கடன் ஆகியவை காத்திருக்க விடுவதில்லை. சரக்கு குவிந்து விலை இறங்கியிருக்கும் மாதங்களில் பனையேறி விற்கிறார். பதநீர் நின்றுபோய், மழையும் பண்டிகையும் சேர்ந்து தேவை கூடும் மாதங்களில், இருப்பு வைத்தவர் விற்கிறார். சீசன் முடிந்ததால் வரும் விலை உயர்வு ஒன்று, 'பழையது' என்ற பெயருக்கு வரும் விலை இன்னொன்று. இரண்டும் ஒரே கைக்குப் போகின்றன.

உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தபின், இனி அந்தப் பெயரால் வரும் பணம் யாருக்குச் சேரும் என்பதே கேள்வி. அதற்கு விடை தேடும்முன் அடிப்படையான ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இருப்பு வைப்பதால் கருப்பட்டியின் சுவையும் வீரியமும் உண்மையில் கூடுகிறதா?

காலம் வேலை செய்யும் பொருள்கள்

இருப்பு வைத்தால் மேம்படும் விளைபொருள்கள் இருக்கவே செய்கின்றன. நெல் விவசாயிகளுக்கு இது புதிதல்ல. அறுத்த கையோடு குத்திய அரிசி குழையும். ஆறு மாதம் கிடந்த நெல்லின் அரிசி உதிரியாக வேகும், பானையில் கூடுதலாகக் காணும். அரிசியில் உள்ள மாவுப்பொருளும் புரதமும் நாளடைவில் இறுகுவதுதான் காரணம்.

புகையிலை இன்னொரு உதாரணம். திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரத்து இலையும் உறையூர்ச் சுருட்டும் ஒரு காலத்தில் பேர் போனவை. சுருட்டுப் புகையிலையைப் பறித்து உலர்த்தியவுடன் சுருட்டுவதில்லை. பதமான ஈரத்தில் அம்பாரமாக அடுக்கி, உள்ளே சூடு ஏறியதும் பிரித்து மாற்றி அடுக்குவார்கள். இலையில் இருக்கும் நொதிகளும் நுண்ணுயிர்களும் அந்தச் சூட்டில் வேலை செய்து, புரதத்தையும் மிச்சச் சர்க்கரையையும் சிதைக்கின்றன. அம்மோனியா வாடை வெளியேறுகிறது, தொண்டையைக் கமறும் காரம் தணிகிறது. சுருட்டிய பிறகும் மரப்பெட்டியில் அளவான ஈரத்தில் வைத்தால் மணம் இன்னும் சேர்ந்து வரும். ஆனால் இப்படி வைப்பதால் வீரியம் கூடுவதில்லை. நிகோடின் அளவு சிறிது குறையத்தான் செய்கிறது. 'பழசு ஆக ஆகக் கடுமை கூடும்' என்ற பேச்சு புகையிலையிலேயே தவறு. பழசு ஆனால் இதமாகும், அவ்வளவுதான். உடம்புக்குச் செய்யும் கெடுதலும் இதனால் குறைவதில்லை.

இந்த இரண்டிலும் ஒரு பொது அம்சம் உண்டு. நெல்லும் புகையிலையும் கொதிக்க வைக்கப்படாதவை. கருப்பட்டியின் கதை வேறு.

கருப்பட்டிக்குள் நடப்பது என்ன?

பதநீரை விடிலியில் மணிக்கணக்கில் கொதிக்க வைத்துப் பாகு எடுக்கும்போது, அதிலிருந்த நொதிகளும் நுண்ணுயிர்களும் அழிந்துவிடுகின்றன. சிரட்டையில் ஊற்றி இறுகிய கருப்பட்டிக்குள் புகையிலை அம்பாரத்தில் நடப்பதுபோன்ற பதமாக்கும் நொதிப்பு நடக்க வழியில்லை. பின்னால் நொதித்தால் அது வெளியிலிருந்து ஈரத்தோடு வந்த கிருமியின் வேலை. அது பதமல்ல, கெடுதல்.

அப்படியானால் இருப்பில் எதுவுமே மாறுவதில்லையா? மூன்று மாற்றங்கள் உண்டு.

முதலாவது, ஈரம். புதுக் கருப்பட்டியின் நடுப்பகுதியில் ஈரம் தங்கியிருக்கும். காய்ந்த இடத்தில் வைத்தால் அது மெல்ல வெளியேறி, கட்டி இறுகும். ஈரம் குறைந்த கருப்பட்டியில் எடைக்கு எடை இனிப்பு சற்றே கூடுதலாகத் தெரியும். 'வீரியம்' என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு இதுதான். சரக்கு புதிதாகப் பலம் பெற்றுவிடவில்லை, தண்ணீர் போயிருக்கிறது.

இரண்டாவது, நிறமும் மணமும். சர்க்கரையும் புரதத் துணுக்குகளும் சேர்ந்து நடக்கும் பழுப்பேறும் வினை, காய்ச்சும்போது வேகமாக நடக்கிறது. இருப்பில் மெதுவாகத் தொடர்கிறது. அதனால் நிறம் கறுக்கும், வறுத்த வாடை கொஞ்சம் ஏறும். பரணில் அடுப்புப் புகை பட்டால் அந்த மணமும் சேரும். இதை விரும்புகிறவர்களுக்குச் சுவை கூடியதாகப் படும். பதநீரின் இளமணத்தை விரும்புகிறவர்களுக்குக் குறைந்ததாகப் படும்.

மூன்றாவது, சர்க்கரை உடைதல். கருப்பட்டியில் பெரும்பங்கு சுக்ரோஸ், அதாவது நாம் கரும்புச் சர்க்கரையில் காணும் அதே சர்க்கரை. ஈரமும் புளிப்பும் இருந்தால் இது குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று இரண்டாக உடைகிறது. உடைந்த சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை வேகமாக இழுக்கும். இழுத்த ஈரம் மேலும் சர்க்கரையை உடைக்கும். கருப்பட்டி வியர்த்து, இளகி, பாகு விட்டு, கடைசியில் பூஞ்சணம் பிடிப்பது இப்படித்தான். காற்றின் ஈரப்பதம் 60, 65 சதவீதத்தைத் தாண்டினாலே வெல்ல வகைகள் ஈரம் இழுக்கத் தொடங்கிவிடும். கடலோரமான குலசேகரன்பட்டினத்தில், அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில், காற்று எந்த நிலையில் இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆக, முதல் இரண்டு மாற்றங்களால் கிடைக்கும் நன்மை சிறிது. மூன்றாவதால் வரும் நஷ்டமோ முழுச் சரக்கையும் கொண்டு போய்விடக் கூடியது.

பழமை தருவது தரமல்ல, சாட்சி

இவ்வளவு சிறிய மாற்றத்துக்கா பழைய கருப்பட்டிக்கு இவ்வளவு மதிப்பு? நம் முன்னோர் சொன்னது வெறும் கற்பனையா? இல்லை. அவர்கள் கண்டது உண்மை. அதற்கான காரணம்தான் வேறு.

ஒரு கருப்பட்டி மழைக்காலத்தைத் தாண்டி இளகாமல் நிற்க வேண்டுமானால், அது முதலிலேயே நன்றாகச் செய்யப்பட்டிருக்க வேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு சரியாகத் தடவியிருக்க வேண்டும். சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் மரத்திலேயே புளிக்கத் தொடங்கும். புளித்த பதநீரில் சர்க்கரை உடைந்திருக்கும். அதைக் காய்ச்சினால் கட்டி இறுகாது. சுண்ணாம்பு அதிகமானால் நிறம் கறுத்துக் காரல் தட்டும். இறக்கிய பதநீரைக் காக்க வைக்காமல் அடுப்பேற்றியிருக்க வேண்டும். பதம் தப்பாமல் இறக்கியிருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் சரக்கு கார்த்திகையைப் பார்க்காது.

அதனால், ஓராண்டு கழித்துக் கடையில் கல்போல் இருக்கும் கருப்பட்டி, வயதால் நல்லதானது அல்ல. நல்லதாக இருந்ததால் அந்த வயதுவரை நின்றது. கெட்டவை வழியிலேயே கழிந்துபோயின. மிஞ்சியதைப் பார்த்து 'பழசு நல்லது' என்று சொன்னோம். சோதித்துப் பார்க்கக் கருவி இல்லாத காலத்தில் அது புத்திசாலித்தனமான சோதனையே.

இன்று அந்தச் சோதனையில் ஓட்டை விழுந்துவிட்டது. கருப்பட்டியில் சீனியைக் கலந்து காய்ச்சும் கலப்படம் ஊரறிந்த சங்கதி. சீனி கலந்த கட்டி நன்றாக இறுகும், எளிதில் இளகாது, மழையையும் தாங்கும். நின்றுவிட்டது என்பதற்காக அதை நல்ல கருப்பட்டி என்று சொல்ல முடியுமா? மேலும், நிறம் கறுத்திருப்பதே பழமைக்கு அடையாளம் என்று நம்புகிறவரிடம், பதம் தப்பித் தீய்ந்த புதுச் சரக்கையும் பழசு என்று விற்றுவிடலாம். கடையில் உதிரியாக விற்கும் கருப்பட்டியில் தேதி இல்லை. தேதி இல்லாத இடத்தில் 'பழையது' என்பது வெறும் வாய்வார்த்தை.

காத்திருந்தால் கட்டுமா? ஒரு கணக்கு

சுவை ஒருபுறம் இருக்கட்டும். சீசனில் விற்காமல் ஆறு மாதம் வைத்திருந்து விற்பது பனையேறிக்கு லாபமா? கணக்குக்காக விலையைக் கிலோ 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோவின் மதிப்பு 25,000 ரூபாய். அதே தொகையை வீட்டுச் செலவுக்கு வெளியே கடன் வாங்குகிறார். வட்டி மாதம் நூற்றுக்கு இரண்டு. ஆறு மாத வட்டி 3,000 ரூபாய். ஓலைப்பெட்டி, உறை, கூலி 500 ரூபாய். உலர்வதில் 5 கிலோ குறைகிறது. மொத்தம் 28,500 ரூபாயை மிச்சமுள்ள 95 கிலோவில் எடுக்க வேண்டும். கிலோ 300 ரூபாய்க்கு விற்றால்தான் முதலுக்கு முதல்.

இளகிப்போய் 10 கிலோ கழிந்தால் அந்த எல்லை சுமார் 317 ரூபாய்க்கு ஏறும். கடன் வட்டி ஆண்டுக்கு 5 சதவீதம் என்றால், வட்டி 625 ரூபாயாகக் குறைந்து, கிலோ 275 ரூபாயிலேயே முதல் வந்துவிடும். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம்.

கணக்கு சொல்வது தெளிவு. காத்திருப்பதில் லாபமா நஷ்டமா என்பதைக் கருப்பட்டியின் வயது தீர்மானிப்பதில்லை. வட்டியும் ஈரமும் தீர்மானிக்கின்றன. குறைந்த வட்டியில் பணமும் உலர்ந்த கிட்டங்கியும் உள்ள வியாபாரி எப்போதும் ஜெயிக்கிறார். அவர் செய்வது தவறல்ல, இடர் ஏற்கிறார். அந்த வசதி மரமேறுகிறவருக்கு இல்லாததுதான் குறை.

இது இன்று தொடங்கியதல்ல. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரி நிறுவனத்தார் குலசேகரன்பட்டினத்தில் சர்க்கரை ஆலை நடத்தினார்கள். தேரிக்காட்டுப் பனைகளின் சரக்கை அங்கே கொண்டுவரத் திருச்செந்தூர் முதல் திசையன்விளை வரை சிறு ரயிலே ஓடியது. 1940 வாக்கில் அது நின்றுபோயிற்று. ஆலை போனாலும், மொத்தமாக வாங்கி இருப்பு வைக்க முடிந்தவரே விலை சொல்லும் வழக்கம் போகவில்லை.

அரசும் சங்கமும் செய்ய வேண்டியவை

நெல், பயறு, மிளகாய் போன்றவற்றுக்கு ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் பொருளீட்டுக் கடன் வசதி இருக்கிறது. சரக்கைக் கிட்டங்கியில் வைத்து, அதன் மதிப்பில் 75 சதவீதம் வரை கடன் பெற்று, விலை ஏறும்போது விற்கலாம். இதே ஏற்பாடு உடன்குடி வட்டாரத்துக் கருப்பட்டிக்கு முழு அளவில் கைகொடுக்க வேண்டும். அதற்குச் சாதாரண நெல் கிட்டங்கி போதாது. ஈரம் புகாத தனி அறை வேண்டும். பனை வெல்லக் கூட்டுறவு சங்கங்கள் இதை முதல் கோரிக்கையாக வைக்கலாம்.

2021-ல் தாக்கலான தமிழகத்தின் முதல் தனி வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்றும், ரேஷன் கடைகளில் கருப்பட்டி விற்கப்படும் என்றும் சொல்லப்பட்டது. விதை நல்ல முயற்சி. ஆனால் இன்று ஊன்றும் விதை பதநீர் தரப் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகும். இன்று நிற்கும் மரத்தில் ஏற ஆள் இருக்க வேண்டுமானால், இன்று காய்ச்சும் கருப்பட்டிக்கு விலை வேண்டும். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. 2,000 ஏக்கருக்கு மேல் நிலம் அதற்காக எடுக்கப்பட்டிருக்கிறது. கட்டுமான வேலைக்குத் தினக்கூலி கிடைக்கும் ஊரில், விடியுமுன் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் பனையேற இளைஞர் வருவாரா என்பது கருப்பட்டி விலையைப் பொறுத்தது. ஒரு கிலோவுக்கு 8 முதல் 10 லிட்டர் பதநீர் இறக்க வேண்டும் என்பதை விலை பேசும்போது யாரும் மறக்கக் கூடாது.

புவிசார் குறியீட்டிலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சங்கத்தின் பெயரில் குறியீடு கிடைத்தால் மட்டும் போதாது. உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்தால்தான் அந்த முத்திரையைத் தம் சரக்கில் போட முடியும். இதற்கான விண்ணப்பக் கட்டணம் 2020-ல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டுவிட்டது. பதிவகம் சென்னையில் இருக்கிறது. படிவம் நிரப்ப உதவுவதை வேளாண், தோட்டக்கலைத் துறைக் களப்பணியாளர்கள் ஒரு முகாமாகவே நடத்தலாம்.

பனையேறிகள் இப்போதே செய்யக்கூடியவை

இருப்பு வைக்க நினைப்பவர்கள் எல்லாச் சரக்கையும் வைக்க வேண்டாம். நன்றாக இறுகிய, உடைத்தால் உள்ளே ஈரம் தெரியாத கட்டிகளை மட்டும் பிரித்தெடுங்கள். சீசன் கடைசியில் மழை பட்டுக் காய்ச்சியதை உடனே விற்றுவிடுவது நல்லது.

சிரட்டையிலிருந்து எடுத்ததும் நிழலில், காற்றோட்டத்தில் நன்றாக ஆற விடுங்கள். சூட்டோடு உறையில் கட்டினால் உள்ளே வியர்க்கும்.

தரையிலோ சுவரிலோ படாமல் பரணிலோ பலகையிலோ வையுங்கள். ஓலைப்பெட்டி காற்று விடும். மழைக்கு முன் உள்ளே கனமான பிளாஸ்டிக் உறை போட்டு இறுகக் கட்டிவிட வேண்டும். மழை நாளில் பிரித்துப் பார்க்கக் கூடாது. பெரிய மூட்டையாக வைக்காமல் சிறு சிறு கட்டாக வைத்தால், ஒன்று இளகினாலும் மற்றவை தப்பும்.

உப்பு, உரம், மண்ணெண்ணெய், கருவாடு இருக்கும் அறையில் வைக்காதீர்கள். உப்பு ஈரத்தை இழுக்கும், மற்றவற்றின் வாடை ஏறும்.

ஒவ்வொரு கட்டிலும் காய்ச்சிய தேதி, விடிலி இருக்கும் ஊர், காய்ச்சியவர் பெயர் எழுதிய சீட்டை வையுங்கள். பொட்டலமாக விற்கும் உணவுப் பொருளில் தயாரிப்புத் தேதி இருக்க வேண்டும் என்பது எப்படியும் சட்டம். அந்தத் தேதிதான் 'பழையது' என்ற சொல்லுக்கு நீங்கள் கொடுக்கும் ஆதாரம்.

களப்பணியாளர்கள் ஒரு சிறு சோதனையை ஊரோடு சேர்ந்து நடத்தலாம். பங்குனியில் ஒரே பாகில் ஊற்றிய 20 கட்டிகளை எடுத்து எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பத்தை மேலே சொன்ன முறையில் உலர்வாக வையுங்கள். பத்தை வீட்டில் சாதாரணமாக வையுங்கள். கார்த்திகை கழிந்ததும் மறுபடி எடை போடுங்கள். அடுத்த பங்குனியில், அதே மரங்களின் புதுக் கருப்பட்டியிலும், வைத்திருந்த இரண்டு வகையிலும், ஒரே அளவில் காப்பி போட்டு, எது எது என்று சொல்லாமல் பத்துப் பேருக்குக் கொடுங்கள். எதைப் பலர் விரும்புகிறார்கள், எவ்வளவு எடை மிஞ்சியது என்ற இரண்டையும் எழுதி வையுங்கள். உங்கள் ஊருக்கு இருப்பு கட்டுமா என்பதை வியாபாரியோ இந்தப் பக்கமோ சொல்ல வேண்டியதில்லை. அந்த நோட்டே சொல்லிவிடும்.

காலம் உண்மையாகவே வேலை செய்யும் பனைப் பொருள் ஒன்று உண்டு. பனங்கற்கண்டு. பதமான பாகை நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி அசைக்காமல் 40 நாளும் அதற்கு மேலும் வைத்தால்தான் கற்கண்டு விளையும். அந்தக் காத்திருப்பில் புதுப் பொருளே உருவாகிறது. கருப்பட்டிக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை. அதன் தரம் கலயத்தில் சுண்ணாம்பு தடவும்போதே தொடங்கி, சிரட்டையில் இறுகும்போதே முடிந்துவிடுகிறது. அதன்பின் காலம் செய்வது அதைக் காப்பதோ கெடுப்பதோதான்.

எனவே வாங்குகிறவர்கள் இனி "புதுசா, பழசா?" என்பதோடு நிறுத்த வேண்டாம். "எந்த ஊர் விடிலி, எந்த மாதம் காய்ச்சியது, யார் காய்ச்சியது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் கடைக்காரர் பதில் சொல்லியாக வேண்டும் என்ற நிலை வரும்போது, மரத்தில் ஏறுகிறவருக்கும் விலை கிடைக்கும்.